வாசலில் நின்ற நாயனம்

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் திருவிழாவுக்கான ஆயத்தக் கூட்டம் நடந்தது. கொடியேற்றம், நவநாள் மறையுரைகள், மின் அலங்காரம், தேர்பவனி என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தபின், மேளம் பற்றிய பேச்சு வந்தது. அப்போது ஓர் இளைஞர் எழுந்தார். நல்ல பிள்ளை, சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர், ஞாயிறு தவறாமல் பீடத்தருகே பணி செய்பவர். “நாயனம் கோயில் வாத்தியம்தானே ஐயா? மாதா தேருக்கு முன்னால் அது எதற்கு?” என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையான ஐயமே இருந்தது.

கூட்டத்தில் மூத்தவன் என்பதால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உடனே விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இதே பங்கில், ஏறத்தாழ இதே சொற்களில் அதைக் கேட்டவன் நானே. அன்று எனக்கு விடை சொல்ல ஒருவரும் இல்லை. பின்னர் எனக்கு விடை தந்தவர் ஓர் இஸ்லாமியர், ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். அவர் என்னோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. அவருடைய வாழ்வையும் என்னுடைய பிழையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்கு இயலவில்லை.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிறது. வயல்வெளியில் நின்று தெற்கே பார்த்தால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். ஊரின் ஒரு பக்கம் மாதா கோயில். மறுபக்கம் பிள்ளையார் கோயிலும் மாரியம்மன் கோயிலும். நான் சிறுவனாக இருந்தபோது இந்தக் கோயில்கள் அனைத்துக்கும் நாயனம் வாசித்தவர் ஒருவரே. ஊரார் அவரை நாயனக்காரர் என்றார்கள். சிறுவர்களாகிய எங்களுக்கு அவர் நாயனக்காரத் தாத்தா. ஆண்டுதோறும் எங்கள் திருவிழாவின் தேர் புறப்படும்போது, அதன் முன்னே பத்தடி தள்ளி, தேருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் திரும்பியபடியே நடந்து வாசிப்பார். தோளில் துண்டு இராது. அதை இடுப்பில் கட்டியிருப்பார். மாதாவின் தேர் எந்தத் தெருவில் வருகிறது என்பதை வீட்டுக்குள் இருந்தபடியே அவர் வாசிப்பைக் கொண்டு என் தாயார் சொல்லிவிடுவார்.

1979-ஆம் ஆண்டு நான் கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பியிருந்தேன். இளைஞர்களைத் திருவிழாக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று விரும்பிய பங்குத்தந்தை என்னைச் செயலராக்கினார். படித்தவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதல் கூட்டத்திலேயே நாயனத்தை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். “அது கோயில் வாத்தியம். காலையில் மாரியம்மனுக்கு வாசித்துவிட்டு மாலையில் மாதாவுக்கு வாசிக்கிறவர் நமக்கு எதற்கு? நம் திருவிழா நம்முடையதாக இருக்க வேண்டாமா?” என்றேன். பெரியவர்கள் சிலர் தயங்கினார்கள். ஆனால் எதிர்த்துப் பேசியவர் இல்லை. அந்த ஆண்டு திருச்சியிலிருந்து பேண்டு வாத்தியக் குழு ஒன்றை அழைத்தோம்.

நாயனக்காரரிடம் இதைத் தெரிவிக்கும் பொறுப்பையும் நானே ஏற்றேன். அவர் திண்ணையில் அமர்ந்து சீவாளியைச் சீர்செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, “சரிங்க தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் படியிறங்கும்போது, “தேரு திரும்புற எடத்துல மேடு இருக்கு. புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. சொல்லிவைங்க” என்று மட்டும் கூறினார்.

தேரன்று பேண்டுக் குழுவினர் சீருடையில் மிடுக்காக வந்தார்கள். முதல் தெருவில் மாதா பாடல் ஒன்றை வாசித்தார்கள். இரண்டாம் தெருவில் இளைஞர்கள் கேட்டுக்கொண்டபடி திரைப்படப் பாடல்களுக்கு மாறிவிட்டார்கள். கோயில் இசை வேண்டாம் என்று நிறுத்திய நாங்கள், திரையரங்கு இசையை மாதாவின் முன்னே நடக்கவிட்டோம். அந்த முரண்பாடு அன்று என் கண்ணில் படவில்லை. மறுநாள் என் தாயார் ஒன்று சொன்னார். தேர் மூலையில் திரும்பியபோது நாயனக்காரர் தெருவோரத்தில், கையில் நாயனம் இல்லாமல் நின்றாராம். கைகளைக் கட்டியிருந்தாராம். ஆனால் கட்டிய கையின் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தனவாம்.

அடுத்த ஆண்டு எனக்குத் திருச்சியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மேலப்புதூர்ப் பக்கம் சிறிய அறை ஒன்றில் தங்கியிருந்தேன். அறையிலிருந்த ஒரே ஆடம்பரம் வானொலிப் பெட்டி. 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம், காவிரிக் கரை மக்களுக்குக் கடிகாரமாகவும் கச்சேரி மேடையாகவும் இருந்த காலம் அது. விடியற்காலையில் மங்கல இசை ஒலிக்கும். ஒரு நாள் அப்படி ஒலித்த நாயனம் என்னைச் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு உட்கார வைத்தது. அவசரமில்லாத ஆலாபனை. ஒரு சுரத்தில் நின்று, அதைத் தடவிக்கொடுத்து, விட மனமில்லாமல் விட்டு அடுத்ததற்குச் செல்லும் வாசிப்பு. எங்கள் ஊர் மூலையில் தேர் திரும்பும் இடம் ஏனோ நினைவுக்கு வந்தது. இசை முடிந்ததும் அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார்: ஷேக் சின்ன மௌலானா.

பெயரைக் கேட்டுத் திகைத்தேன். இஸ்லாமியர் ஒருவர் நாயனம் வாசிப்பாரா? அதுவும் கோயில் வாத்தியத்தை? பள்ளியில் என்னோடு பணியாற்றிய ஸ்ரீரங்கத்து வைணவ நண்பரிடம் கேட்டேன். அவர் என் திகைப்பைக் கண்டு சிரித்தார். “எங்க ஊர்க்காரர் சார் அவர். பிறந்தது ஆந்திராவில. அரங்கனைத் தேடி வந்து எங்க ஊரிலேயே தங்கிவிட்டார்” என்றார். அந்தச் சொற்களில் இருந்த பெருமிதம் எனக்கு உறைத்தது. “எங்க ஊர்க்காரர்” என்று அவர் எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார்! எங்கள் ஊரிலேயே பிறந்து, எங்கள் தேரின் முன்னே தலைநரைத்த ஒருவரை “நம்மவர் அல்லர்” என்று நான் சொல்லியிருந்தேன்.

அந்த நண்பர் வழியாகவும், பின்னர் படித்தும் கேட்டும் நான் அறிந்தவை இவை. சின்ன மௌலானா 1924-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், ஆந்திரத்தில் ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்னும் ஊரில் பிறந்தார். குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் நாயனம் வாசிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட இஸ்லாமியக் குடும்பங்கள் பல உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்துக் கோயில்களில் வாசித்து வருபவர்கள் அவர்கள். சின்ன மௌலானாவின் குடும்பமும் அத்தகையதே. தந்தையாரிடம் தொடங்கிய பயிற்சி, சிலக்கலூரிப்பேட்டை ஷேக் ஆதம் சாகிபிடம் தொடர்ந்தது. ஆந்திர நாட்டில் பேர்பெற்ற வித்துவானாக அவர் வளர்ந்தார்.

அத்துடன் நின்றிருந்தாலும் அவர் வாழ்வு குறைவற்றதாகவே இருந்திருக்கும். ஆனால் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அந்த மேதை, நாயனத்தின் தகுதியையே உயர்த்தியவர். இராகத்தை மணிக்கணக்கில் விரித்துரைக்கும் தஞ்சைப் பாணியின் கொடுமுடி அவர். அந்தப் பாணியைக் கற்க வேண்டும் என்று சின்ன மௌலானா விரும்பினார். தம் ஊரில் வித்துவான் என்று மதிக்கப்பட்டவர், கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலுக்கு வந்து ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். தெரிந்ததை ஒதுக்கிவைத்து, மூச்சையும் விரலையும் மீண்டும் பழக்குவது எத்தகைய தாழ்ச்சி என்பதை ஏதேனும் ஒரு கலையைத் தொட்டவர்கள் அறிவார்கள். நம் ஆன்மிக நூல்கள் தாழ்ச்சியைப் பற்றி நிறையவே பேசுகின்றன. எனக்கு அச்சொல்லின் பொருள் விளங்கியது இந்த நிகழ்ச்சியைக் கேட்டபோதுதான்.

1960களில் அவர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏழு திருச்சுற்றுகளுக்குள் அரங்கன் பள்ளிகொண்டிருக்கும் அந்தத் தீவே அவர் இறுதிவரை வாழ்ந்த இடமாயிற்று. 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. கருநாடக இசையுலகில் ஒருவர் அடையக்கூடிய பெரும் சிறப்பு அது. அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்திலேயே அவர் காலமானார்.

இத்தனை சிறப்புக்கும் இடையே அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. தாம் யார் என்பதை மறைக்கவும் இல்லை. இருபுறத்திலிருந்தும் அவரை நோக்கிக் கேள்விகள் எழுந்திருக்கக்கூடும். உருவ வழிபாட்டை ஏற்காத நெறியில் பிறந்தவர் கோயிலில் வாசிக்கலாமா என்று ஒரு புறம். வேற்று நெறியினர் வாசிப்பது ஆகுமா என்று மறுபுறம். அவர் வாதாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாசித்தார், கற்பித்தார். 1980களின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி மாணவர்களை உருவாக்கினார். அவருடைய பேரர்களான காசிமும் பாபுவும் அவரிடம் கற்றுக் கலைஞரானார்கள். அவரிடம் பயின்ற ஷேக் மெஹபூப் சுபானி, காலிஷாபி மெஹபூப் இணையர் 2020-இல் பத்மஸ்ரீ பெற்றனர். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட வாத்தியத்தை ஏந்தி ஒரு பெண் அந்த மேடையில் நின்றதில், இன்னொரு கதவும் திறந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு இது முற்றிலும் புதிதன்று என்றும் நண்பர் சொன்னார். அரங்கன்மீது அன்பு கொண்டு வந்த தில்லி சுல்தானின் மகளைப் பற்றிய மரபுக்கதை அக்கோயிலில் உண்டு. துலுக்க நாச்சியார் என்னும் பெயரில் அவளுக்குத் தனிச் சந்நிதியும், ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. வடநாட்டில் உஸ்தாத் பிஸ்மில்லா கான் காசியின் ஆலயங்களில் செனாய் வாசித்தே இசையை வளர்த்தார். தம் தொழுகையைக் கைவிடாத இஸ்லாமியராகவே வாழ்ந்த அவருக்கு 2001-இல் பாரத ரத்னா அளிக்கப்பட்டது. தன் நெறியில் உறுதியாக நிற்பதும், பிறர் வாசலில் பணிந்து நிற்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இவர்களே சான்று.

நண்பர் ஒரு மாலை என்னை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தால், மலைக்கோட்டையும் நம் லூர்து அன்னை ஆலயக் கோபுரமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். 236 அடி உயர இராசகோபுரம் அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. 1987-இல்தான் அது நிறைவுற்றது. மொட்டையாக நின்ற பழைய அடித்தளத்தைக் கடந்து நடந்தோம். கூட்டத்தின் ஓரத்தில் நின்று சின்ன மௌலானாவின் வாசிப்பை நேரில் கேட்டேன்.

நாயனம் எளிய கருவியன்று. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுவது அது. நெடுங்காலம் உலர்ந்த மரமே நாதம் தரும் என்பதால், பழைய வீடுகளின் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் இதில் தேர்ந்தவர்கள். அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாய்ப்புறத்தில் நாணலால் செய்த சீவாளி. கீழே விரிந்த அணசு. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் வந்துவிடும். நாயனத்தில் அப்படியன்று. ஒரே துளையில் மூச்சின் அழுத்தமும் உதடும் மாறினால் சுரமே மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு சுரமும் வாசிப்பவரின் உயிர்மூச்சிலிருந்து அந்தந்தக் கணத்தில் பிறக்க வேண்டும்.

இன்னொன்றையும் அன்று நினைத்துப் பார்த்தேன். கோயில் மரபில் நாயனத்தின் இடம் பெரும்பாலும் கருவறைக்கு வெளியே: மண்டபத்தில், வாசலில், புறப்பாட்டுக்கு முன்னால், தெருவில். உள்ளே நுழைய இயலாத மனிதருக்கும், நோயுற்று வீட்டில் கிடப்பவருக்கும், வயலில் குனிந்து நிற்பவளுக்கும் அந்த ஒலி போய்ச் சேரும். காலைக்குப் பூபாளம், இரவுக்கு நீலாம்பரி என்று பொழுதுக்கேற்ற இராகம் இருந்ததால், கடிகாரம் இல்லாதவர்களும் நேரத்தை அறிந்தார்கள். உள்ளிருப்பதை வெளியே இருப்பவர்க்குக் கொண்டுசேர்ப்பதே அந்த வாத்தியத்தின் ஊழியம். அப்படிப்பட்ட ஒன்றை “வெளியே போ” என்று சொல்லியிருந்தேன் நான்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். நாயனக்காரர் அதே திண்ணையில் இருந்தார். மூன்று ஆண்டுகளில் பத்து ஆண்டு மூப்பு வந்திருந்தது. நாயனம் உறையோடு சுவரில் மாட்டப்பட்டிருந்தது. பாபிலோன் ஆற்றங்கரையில் யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டு அழுத நாடுகடத்தப்பட்டோரை, திருப்பாடலில் படித்திருக்கிறோம். அவர்களைப் பாடவிடாமல் செய்தவர் பகைவர். இவரை வாசிக்கவிடாமல் செய்தவன் இவர் மடியில் விளையாடியவன்.

மன்னிப்புக் கேட்கப் பல சொற்களை ஆயத்தம் செய்து சென்றிருந்தேன். ஒன்றும் வரவில்லை. “இந்த வருசம் நீங்கதான் வாசிக்கணும் தாத்தா” என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் கொள்ளிடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “மூச்சு இல்லீங்க தம்பி. தெருத்தெருவா நடந்து வாசிக்க முடியாது. பையனும் இதை விட்டுட்டுத் திருப்பூரு போயிட்டான்” என்றார். பிறகு அவராகவே, “கொடி ஏத்துற அன்னைக்கு வேணா, வாசல்ல உக்காந்து கொஞ்சம் வாசிக்கறேன். மாதாவுக்குக் கேட்டாப் போதும்” என்றார்.

அப்படியே நடந்தது. கோயில் வாசலில் ஒரு நாற்காலி போட்டோம். கொடி ஏறும்போது அவர் வாசித்தார். இடையிடையே மூச்சு அறுந்தது. ஒலி நின்று, மீண்டும் தொடங்கியது. ஐந்து நிமிடங்கூட இராது. வானொலியில் கேட்ட மேதைமை அதில் இல்லை. ஆயினும் பெண்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த திருவிழாவுக்குமுன் அவர் இறந்துவிட்டார்.

என் தவற்றின் வேரைப் பலமுறை தேடியிருக்கிறேன். விசுவாச உறுதி என்று நான் அன்று நினைத்தது உண்மையில் அச்சம். நகரத்து நண்பர்கள் முன்னால் நம் திருவிழா நாட்டுப்புறமாகத் தெரியுமோ என்ற வெட்கமும் அதில் இருந்தது. திருச்சபை எனக்கு அப்படிக் கற்பிக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், மக்களின் சொந்த இசை மரபுகளை உரிய முறையில் மதித்து இடமளிக்க வேண்டும் என்று கற்பித்திருந்தது. 1965-இல் வெளியிட்ட மற்றோர் ஏட்டில், பிற சமயங்களில் உண்மையும் தூயதுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று தெளிவுபடுத்தியிருந்தது. இவை எல்லாம் எனக்குமுன்னே அச்சில் இருந்தன. நான் படித்ததும் உண்டு. படிப்பு உள்ளே இறங்க ஒரு நாயனம் தேவைப்பட்டது.

மறைநூலையும் புதுக் கண்ணோடு பார்த்தேன். சாலமோன் எருசலேமில் ஆலயம் எழுப்பியபோது கேதுரு மரங்களை அனுப்பியவர் தீர் நாட்டு மன்னர் ஈராம். ஆலயத்தின் வெண்கலத் தூண்களை வார்த்துக் கொடுத்த கைவினைஞரும் தீர் நாட்டுத் தந்தைக்குப் பிறந்தவர். வேற்றவரின் மரத்தையும் கைத்திறனையும் ஆண்டவர் தம் இல்லத்துக்குள் ஏற்றுக்கொண்டார். எங்கள் ஊர்த் தேருக்குமுன் மட்டும் அவர் மறுத்திருப்பாரா?

திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளையை நாம் எல்லாரும் அறிவோம். மாயூரத்தில் முன்சீபாக இருந்த அந்தக் கத்தோலிக்கர், தம் கீர்த்தனைத் தொகுப்புக்குச் சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்று பெயரிட்டார். அவர் பாடல்களை மற்றச் சமயத்துப் பாடகர்கள் கச்சேரி மேடைகளில் பாடி வருகிறார்கள். கேட்பவர்கள் அவரை அயலார் என்று தள்ளவில்லை. நம்மவர் ஒருவரின் பாட்டுக்குப் பிறர் வாசல் திறந்திருந்தது. பிறர் ஒருவரின் நாயனத்துக்கு நம் வாசலை நான் அடைத்தேன். கணக்கு இப்படித்தான் நிற்கிறது.

எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லி, வேறுபாடுகளைக் கரைத்துவிட நான் முயலவில்லை. சின்ன மௌலானாவும் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. நான் நற்கருணை நாதர் முன் முழந்தாளிடும் கத்தோலிக்கன்; அந்த நம்பிக்கையிலேயே சாக விரும்புகிறேன். ஆனால் உறுதியான நம்பிக்கை கொண்டவனுக்கு வாசலில் காவல் நிற்க வேண்டிய தேவை குறைவு என்பதை அவர் வாழ்விலிருந்து கற்றேன். தம் மூச்சை இறைவன் தந்தது என்று நம்பும் ஒருவர், அந்த மூச்சை ஒரு மரக்குழலில் செலுத்தி, அதை இறைவனுக்கே திருப்பித் தருகிறார். அதைத் தடுக்க நான் யார்?

இவற்றையெல்லாம் சென்ற ஆண்டுக் கூட்டத்தில் அந்த இளைஞரிடம் சொன்னேன். இத்தனை விரிவாக இல்லை. என் பிழையை மட்டும் மறைக்காமல் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். முடிவில் ஒரு கேள்வி கேட்டார். “அந்தத் தாத்தாவோட பேர் என்ன ஐயா?”

எனக்குத் தெரியவில்லை. என் தாயாரும் மறைந்துவிட்டார். பங்கின் பழைய கணக்கேடுகளை எடுத்து, நானும் அவரும் அன்று மாலை முழுவதும் புரட்டினோம். பந்தல் போட்டவர் பெயர் இருந்தது. வாணக்காரர் பெயர் இருந்தது. திரி வாங்கிய கடையின் பெயரும் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு, அந்த ஒரு வரியில் மட்டும் “மேளம்” என்று எழுதி, எதிரே தொகை குறித்திருந்தார்கள். 1979-ஆம் ஆண்டு ஏட்டில் அந்த வரியே இல்லை. அந்த ஏடு என் கையெழுத்தில் இருந்தது.

ஸ்ரீரங்கத்து வித்துவானின் பெயரை நாடே அறிந்தது. அவர் பிறந்த நாளும் இறந்த நாளும் எனக்கு மனப்பாடம். எங்கள் தேருக்கு முன்னே ஒரு வாழ்நாள் நடந்தவரின் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிழைக்கு வருந்தியவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வருத்தமும் அரைகுறையாகவே இருந்தது என்பது அன்று புரிந்தது.

அடுத்த வாரம் அந்த இளைஞரே திருப்பூரில் அவருடைய மகனைத் தேடிக் கண்டுபிடித்து, தொலைபேசியில் பேசி, பெயரைக் கேட்டுவந்தார். ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தார். அந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு நாயனம் வைப்பது என்று பேரவை முடிவு செய்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்த வித்துவானுக்கு வாசலில் நாற்காலி போட்டவரும் அவரே. வித்துவானின் பெயரையும் தவில்காரரின் பெயரையும் கேட்டுக் கணக்கேட்டில் முழுமையாக எழுதினார்.

தாத்தாவின் பெயரை இங்கு அச்சிடவில்லை. அதற்கு அவர் மகனிடம் நான் இசைவு கேட்கவில்லை. இறந்தோர் திருப்பலியில் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலில், என் பெற்றோர் பெயர்களுக்குக் கீழே அதை எழுதிக் கொடுத்தேன். பங்குத்தந்தை வாசிக்கும்போது கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயர் எங்கள் கோயிலுக்குள் ஒலித்தது அதுவே முதல் முறை.